வினைப்பயனும் பிறர்துயர் களைதலும்

உயிர்கள் அனாதி, அவற்றைப் பிணித்த ஆணவ மலமும் அனாதி, அவ்வுயிர்களை மலத்தினின்றும் எடுத்துத் தன் திருவடிக்கீழ் வைக்க முனைந்து நிற்கும் இறைவன் திருவருளும் அனாதி. இது சித்தாந்த சைவத்தின் அடிப்படைத் துணிபு. ஐந்தொழிலும் அத்திருவருள் காரணமாகவே நிகழ்வன ஆகலின், ஓருயிர் மற்றோருயிரின் துயர் கண்டு நெஞ்சு நெகிழ்ந்து கை நீட்டுமிடத்து, ஆண்டும் அவ்வருளின் நிழலே தோன்றுகின்றது எனல் பொருந்தும். ஆயினும், “துயரெல்லாம் வினைப்பயன் எனின், அதனைக் களையப் புகுவோன் வினையின் நெறிக்குக் குறுக்கே நிற்பவன் ஆகானோ?” என்னும் ஐயம் சைவர் சிலரது உள்ளத்தே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. இது வாயளவில் நின்றொழியும் வெற்றுத் தருக்கம் அன்று. அழுகுரல் கேட்டும் கதவைத் திறவாதிருப்பதற்கு ஒரு காரணமாக இஃது எடுத்தாளப்படுதலும் உண்டு. ஆதலின் இதனை ஆராய்ந்து தெளிதல் சைவ நன்மக்களுக்கு இன்றியமையாதது.

இவ்வாராய்ச்சி இன்று ஒரு புதிய முகத்தாலும் வேண்டப்படுகின்றது. பல்கலைக்கழகங்களில் சமூகப்பணி என்பதொரு கல்வித்துறை உளது. துன்புற்றோர்க்கு உதவுதலை முறையாகப் பயிற்றுவிப்பது அது. அமெரிக்க நாட்டில் மேரி ரிச்மண்ட் என்னும் அம்மையார், மருத்துவன் நோய் நாடுவது போல ஒருவனது இடர்ப்பாட்டின் வேரை நாடுதல் வேண்டுமென்று 1917-ஆம் ஆண்டில் ஒரு பெருநூல் இயற்றினார். இந்திய நாட்டில் இக்கல்விக்கென முதற்கண் எழுந்த பள்ளி, 1936-ஆம் ஆண்டில் பம்பாயில் தாதா அறக்கட்டளையாரால் நிறுவப்பெற்றது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் முயற்சியால் 1952-ஆம் ஆண்டில் சமூகப்பணிப் பள்ளி தோன்றியது. பின்னர்த் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றிலும் இத்துறை பரவியது. முதுகலை மாணாக்கர் இரண்டாண்டு பயில்வர். அவர் வகுப்பிற் கேட்பது ஒரு பாதி. மருத்துவமனை, சிறுவர் இல்லம், குடிசைப்பகுதி, சிற்றூர் முதலிய களங்களிற் சென்று பணிபுரிந்து கற்பது மற்றொரு பாதி. தாய்தந்தையரை இழந்த சிறார், உடற்குறையும் மனநோயும் உடையார், கைவிடப்பட்ட முதியோர், வன்முறைக்கு ஆளான மகளிர், சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டோர் ஆகிய நலிந்த மக்களே அவர்தம் கல்விக்குப் பொருளாவார். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை எண்ணுகின்றது. இவை போன்ற சட்டங்களும் அவர்க்குப் பாடமாவன.

இக்கல்வியால் ஆவதென்னை என்பார்க்கு நான்குநேரியே விடையாகும். திருநெல்வேலிக்குத் தெற்கே, மழையையும் குளங்களையும் நம்பி வாழும் நிலப்பரப்பின் நடுவணதாகிய அவ்வூர், வானமாமலை என வைணவர் போற்றும் திருப்பதி; பழைமை வாய்ந்த மடமும் உடையது. அத்தகைய ஊரில் 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஓரிரவு, பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் மாணவன் ஒருவனை, அவனோடு ஒரே பள்ளியிற் பயின்ற பிள்ளைகள் சிலர் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்கப் புகுந்த அவன் தங்கையும் வெட்டுண்டாள். அப்பிள்ளைகள் அவனுக்கு இழைத்த சாதிக் கொடுமையைப் பள்ளியில் எடுத்துச் சொன்னமையே அவன் செய்த குற்றம். இந்நிகழ்ச்சியின் பின்னர்த் தமிழ்நாட்டு அரசினர், பள்ளிகளிற் சாதிப்பகை நீங்குதற்கு வழி காணுமாறு, உயர்நீதிமன்றத்து ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களைத் தனிக் குழுவாக அமர்த்தினர். அவர் 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அறிக்கை அளித்தார். 500-க்கு மேற்பட்ட மாணாக்கர் பயிலும் பள்ளிகளிற் பள்ளிநல அலுவலர் ஒருவரை அமர்த்துக என்பது அதன்கண் உள்ள பரிந்துரைகளுள் ஒன்று. இளம் பிள்ளைகளின் உள்ளத்தில் நஞ்சு ஊறுவதை முன்னரே கண்டு களைதற்கு, அதற்கெனப் பயின்றார் ஒருவர் வேண்டும் என்பதே இதன் கருத்தாகும். எனவே நலிந்தோர்க்கு உதவும் கலையைப் பயில்வது தகுமோ என்னும் வினா, நெல்லைச் சீமைச் சைவர்க்குத் தொலைவில் உள்ளதொரு வினா அன்று.

இனி, கடாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

“வெட்டுண்டது அவ்விருவரும் முன்செய்த வினையின் பயன், பிறர் அதற்கு என் செய்வது?” எனின், இவ்வாறு கூறுவோர் வினைக்கொள்கையைப் பாதியே கற்றவராவர். வினை சடம், தானே சென்று உயிரைப் பற்றும் அறிவு அதற்கில்லை. அவ்வவ் வினைக்குரிய பயனை அவ்வவ் உயிர்க்குக் கூட்டுவிப்பவன் இறைவன். அப்பயன் வந்து சேரும் வாயில்கள் பல. பிறமக்களும் அவற்றுள் ஒரு வாயில். துன்பம் பிறர் கைவழி வருதல் வினைப்பயனாயின், அத்துன்பத்தை நீக்கும் மருந்தும் பிறர் கைவழி வருதல் வினைப்பயனே அன்றோ? தீவினைப் பயன் வருதற்கு வாயில் திறந்திருக்க, நல்வினைப் பயன் வருதற்கு மட்டும் வாயில் அடைபட்டுக் கிடக்கும் என்பது எந்நூலினும் இல்லை. இவனுக்கு இத்துணைத் துன்பமே உரியது, இதற்குமேல் ஆறுதல் உரியதன்று என வரையறுக்கும் அறிவு முதல்வன் ஒருவனுக்கே உரியது. அவ்வறிவு தனக்கு உண்டெனக் கொண்டு கை கட்டி நிற்போன் வினைக்கொள்கையைப் போற்றுகின்றானல்லன். இறைவன் இருக்கையில் ஏறி அமர்கின்றான்.

இதனினும் நுண்ணியதொன்று உளது. நுகரப்படுவது பிராரத்தம், நுகரும்போதே புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். அயலான் படும் துன்பம் அவனது பிராரத்தமாயின், அதனைக் கண்டு தான் செய்வதும் செய்யாதொழிவதும் தனது ஆகாமியம். உயிர்க்கு இதம் செய்தல் நல்வினை, அகிதம் செய்தல் தீவினை என நூல்கள் வகுத்தது இதுபற்றியே. அரிவாள் எடுத்தவன், “அவன் வினையே அவனை வெட்டியது, யான் கருவி மாத்திரமே” எனக் கூறித் தப்புதல் கூடுமோ? கூடாது. அங்ஙனமாயின், அருகிருந்தும் உதவாதவன், “அவன் வினை அவனை வருத்துகின்றது” எனக் கூறித் தப்புதலும் கூடாது. இருவரும் பிறனது பிராரத்தத்தைக் காட்டித் தமது ஆகாமியத்தை மறைக்க முயல்கின்றனர். ஆகவே வினைக்கொள்கை ஒருவன் தன் துன்பத்தைப் பொறுத்தற்குத் தரப்பட்ட ஊன்றுகோல். பிறன் துன்பத்தைப் பார்த்து வாளா இருத்தற்குத் தரப்பட்ட திரைச்சீலை அன்று.

இதற்குத் திருத்தொண்டர் வரலாற்றில் தக்க சான்று திலகவதியார். தந்தையும் தாயும் மறைய, தமக்கென உறுதி செய்யப்பட்ட கலிப்பகையாரும் போரில் மாய, உயிர்விடத் துணிந்து, தம்பியின் பொருட்டு உயிர் தாங்கியவர் அவ்வம்மையார். அத்தம்பி சூலைநோயுற்றுத் திருவதிகைக்கு வந்து அடி வீழ்ந்தபோது, அந்நோய் இறைவன் ஆட்கொள்ளுதற்குத் தந்ததென அவர் அறிந்திருந்தார். அறிந்திருந்தும், “இறைவன் தந்தது, இருக்க” எனக் கைவிட்டாரல்லர். “முன்னர் நெறி விட்டுச் சென்றனையே” என இடித்துரைத்தாருமல்லர். எடுத்துத் தேற்றித் திருநீறு அளித்து, வைகறையில் திருக்கோயிலுக்கு உடன் அழைத்துச் சென்றார். நோயை இறைவன் கருணையெனக் கண்டவரே அதன் நீக்கத்துக்கும் முந்தி நின்றார் என்பது ஈண்டு உற்றுநோக்கத் தக்கது.

“அற்றேல், உதவுதல் தகும் என்பது பெறப்பட்டது. ஆயினும் அன்பு உள்ளத்தே தோன்றுவது. அதனைப் பல்கலைக்கழகத்திற் பாடமாகக் கற்றலும், தேர்வெழுதிப் பட்டம் பெறுதலும், ஊதியம் கொள்ளுதலும் யாங்ஙனம் தொண்டாகும்?” என்பது இரண்டாம் கடா.

அன்பு கற்பிக்கப்படுவதன்று என்பது உண்மை. ஆயினும் அன்பின் செயல் கற்கப்படுவதே. இறைவன்பால் உருகும் உள்ளம் ஒருவனுக்கு எத்துணை இருப்பினும், பண்ணும் தாளமும் பயிலாது திருமுறை ஓதப் புகின் கேட்போர் செவி வருந்தும். ஆதலாற்றான் ஓதுவார்க்குப் பல்லாண்டுப் பயிற்சி வைத்தனர் பெரியோர். கோயிலிற் பாடுதற்கே பயிற்சி வேண்டுமெனின், உடைந்த உள்ளத்தோடு உரையாடுதற்குப் பயிற்சி வேண்டாவோ? பயிலாத இரக்கம் செய்யும் கேடு சிறிதன்று. கொடுமைக்கு ஆளான சிறுமியை வருவார் போவார் அனைவரும் நடந்ததைச் சொல்லெனக் கேட்டு அவள் புண்ணைப் பலமுறை கிழிப்பர். உணவு அளிக்கும் கையோடு ஏழையின் முகத்தைப் படம் பிடித்து ஊரெங்கும் பரப்புவர். மனநோயாளனைப் பேய் பிடித்தானென்று சங்கிலியாற் பிணிப்பர். இவர் யாவரும் தீயரல்லர், இரக்கமுடையரே, அறிவொடு கூடாத இரக்கமுடையர். ஊதியம் பற்றிய கூற்றும் நிரம்பாது. ஓதுவாரும் ஊதியம் பெறுவர், மருத்துவரும் பெறுவர். தொண்டினைத் தொண்டாக்குவது கருத்தேயன்றிக் காசின் இன்மை அன்று.

சைவ நூல்கள் ஞானம் பெறும் முறையைக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என நான்காக வகுத்தன. சமூகப்பணி மாணாக்கனும் ஆசிரியர்பால் கேட்கின்றான். களத்திற் கண்டதை எழுதிச் சிந்திக்கின்றான். மேற்பார்ப்பவர்முன் தன் பிழையை வைத்துத் தெளிகின்றான். பின்னரே பணியில் நிலைபெறுகின்றான். பொருள் வேறாயினும் முறை ஒத்திருத்தல் காண்க. இம்முறையில் அவன் முதற்கண் ஆராய்வது பிறனையன்று, தன்னையே. தன் சாதி, தன் வளர்ப்பு, தன் வெறுப்பு ஆகியவை கண்ணை மறைக்கும் திறத்தை அவன் அறிதல் வேண்டும். நான்குநேரி வட்டத்திற் பிறந்து வளர்ந்த ஒரு மாணாக்கன் இப்படிப்பிற் சேர்ந்தால், தன் தெரு எது, அயல்தெரு எது எனச் சிறுபருவத்திற் கற்ற பாடத்தை முன்னர் மறத்தல் வேண்டும். அது நூறு நூல்களைக் கற்றலினும் அரிது.

அமெரிக்க நாட்டுக் கிறித்தவத் துறவியாராகிய பீலிக்ஸ் பீஸ்டெக் என்பார் 1957-ஆம் ஆண்டில் இப்பணிக்கு ஏழு கோட்பாடுகளை வகுத்தார். ஒவ்வொருவரையும் தனித்தனி உயிராகக் காணுதல், அவர் தம் உணர்ச்சியை வெளியிட இடம் தருதல், உதவுவோன் தன் உணர்ச்சியை அளவிற்குள் நிறுத்துதல், உள்ளவாறே ஏற்றல், குற்றம் தீர்ப்பிடாமை, தம் வழியைத் தாமே தேர உரிமை தருதல், மறைகாத்தல் என்பன அவை. இவை பிற சமயத்தார் கூறியன என ஒதுக்கற்பாலன அல்ல. உயிர்களின் பக்குவம் நோக்கி அவ்வவற்றிற்கு ஏற்பச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நெறி வகுத்ததும், சத்திநிபாதத்திற்கு நான்கு தரம் கூறியதும் ஓருயிர்போல் மற்றோருயிர் இல்லை என்னும் கொள்கை பற்றியன்றோ?

இவ்வேழனுள் தம் வழியைத் தாமே தேர உரிமை தருதல் என்பதே பலரும் மறப்பது. அதனைத் தண்டியடிகள் வரலாறு நன்கு விளக்கும். பிறவிக் கண் இல்லாத அப்பெரியார், திருவாரூர்க் கோயிலின் அருகுள்ள திருக்குளம் குறைவுற்றிருத்தலை உணர்ந்து அதனைத் தோண்டத் துணிந்தார். குளத்தினுள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண்ணைச் சுமந்து கொட்டினார். “குருடனுக்கு ஏன் இவ்வேலை” என இகழ்ந்தார் உளர்; ஆயின் அவர்க்கு வேண்டுவது ஒரு கயிறே என்பதை அவர் தாமே அறிந்திருந்தார். அன்பு மிக்க ஒருவர் அன்று அங்கு வந்து, “ஐயா, தாங்கள் அமர்ந்திரும், யான் தோண்டுகின்றேன்” என்றிருப்பின், அஃது உதவி போலத் தோன்றினும், அவர் தொண்டினைக் கவர்ந்ததே ஆகும். தறி பழுதுறாது காத்தலும், கயிற்றை அறுப்பாரைத் தடுத்தலுமே அவ்விடத்து உண்மை உதவி. நலிந்தோர் என்பார் நமது அறத்தை நிரப்புதற்கு வைக்கப்பட்ட பாத்திரங்கள் அல்லர். அவர்க்கும் இச்சை, அறிவு, செயல் மூன்றும் உண்டு. அவை விளங்குதற்குத் துணை நிற்றலே பணி.

இனி, மூன்றாவதாக எழுவது மிகக் கடியதொரு கடா. “வெட்டுண்டவன்பால் இரங்குதல் எளிது, வெட்டியவனையும் நலிந்தோருள் ஒருவனாகக் கொண்டு பணி செய்க என இக்கல்வி கூறுமாயின், அஃது அறமாகுமோ?” என்பது அது. பதினெட்டு ஆண்டு நிரம்பாதார் குற்றம் செய்யின் அவரை ஆராயும் இளைஞர் நீதிக் குழுமத்தில், ஒரு நடுவரோடு சமூகப்பணியாளர் இருவர் அமர்தல் வேண்டும் என்றும், அவ்விருவருள் ஒருவரேனும் பெண்ணாதல் வேண்டும் என்றும் 2015-ஆம் ஆண்டின் சட்டம் விதிக்கின்றது. ஆகவே இக்கடாவைத் தவிர்த்தல் இயலாது.

சித்தாந்தம் இதற்கு விடை கூறும் திறம் பெரிது. களிம்பு செம்போடு உடன்தோன்றியது. ஆயினும் களிம்பு செம்பன்று. ஆணவம் உயிரை அனாதியே பற்றியது. ஆயினும் ஆணவம் உயிரன்று. தாமிரபரணி பாயும் நாட்டில், தாமிர சபையில் ஆடும் பெருமானை வழிபடுவோர்க்கு இவ்வுவமையை விரித்துரைக்க வேண்டா. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையின் கையில் அரிவாளைத் தந்தது அவன் ஆணவ மலம் மட்டுமன்று. “நீ மேல், அவன் கீழ்” எனத் தொட்டிற் பருவந்தொட்டு ஊட்டிய வீடும் தெருவும் ஆம். களிம்பு கண்டு செம்பை எறிவார் இல்லை. களிம்பினைச் செம்பென்று கொள்வாரும் இல்லை. எனவே அவனைத் திருத்துதலும் வேண்டும், அவன் செயலைத் தீதெனத் தெளிய உரைத்தலும் வேண்டும். இறைவன் கருணை அறக்கருணை, மறக்கருணை என இருவகைப்படும். மருத்துவன் சில நோய்க்கு இனிய மருந்து தருவான், சில நோய்க்குக் கீறி ஆற்றுவான், இரண்டும் கருணையே. சட்டம் விதிக்கும் ஒறுப்பு பழிவாங்குதலாக முடியாது, திருந்துதற்கு வாயிலாக அமையின், அது மறக்கருணையின் சாயல் உடையதாகும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். வெட்டியவன்பால் காட்டும் கருணை, வெட்டுண்டவனுக்கு உரிய நீதியைக் குறைத்துத் தரப்படுவதாயின் அது கருணையன்று, பாரபட்சம். “இருபாலும் பிள்ளைகளே, மறந்து ஒன்றுபடுக” எனப் புண் ஆறாமுன் கூறும் ஊர்ச் சமாதானம், நலிந்தோனையே மீண்டும் பொறுக்கச் செய்வது. முதற்கண் அஞ்சினவனுக்கு அச்சம் நீங்குதல் வேண்டும். பின்னரே அஞ்சுவித்தவனுக்குத் திருத்தம். இவ்வரிசை மாறின் அறம் பிறழும்.

சந்துரு அவர்கள் அறிக்கையில் மற்றொரு பரிந்துரையும் உளது. மாணாக்கர் நிறக் கயிறும், மோதிரமும், நெற்றிக்குறியும் அணிந்து பள்ளிக்கு வருதல் தடுக்கப்படுக என்பது அது. இதனைக் கேட்ட சைவர் வெகுளுதல் இயல்பு. திருநீறு சைவர்க்கு உயிரினும் சிறந்தது. ஆயினும் வெகுளுமுன் ஒன்று எண்ணுதல் தக்கது. முடிவில் எல்லாம் சாம்பராம் என்பதை உணர்த்திச் செருக்கை நீக்குதற்கு இடப்படுவது திருநீறு. நெற்றியில் இடுவதைக் கண்டு ‘இவன் எத்தெருவினன்’ எனப் பிள்ளைகள் அறிந்து பகைக்கும் நிலை வந்ததாயின், அச்சின்னத்தை இழிவுபடுத்தினோர் அரசினரோ, அன்றி அதனைச் சாதிக் குறியாக்கினோரோ? திலகவதியார் தம்பிக்கு அளித்த நீறு நோய் தீர்த்த நீறு. அந்நீறு ஒரு பிள்ளைக்கு அச்சம் தருவதாக ஆகுமெனின், சைவர்க்கு வெகுளியினும் நாணமே முற்படுதல் வேண்டும். அப்பரிந்துரை நிறைவேறுக, நிறைவேறாதொழிக. திருநீறு அணிந்த நெற்றியைக் கண்டால் நலிந்தோன் ஒருவன் ‘இவர்பால் எனக்குத் தீங்கு வாராது’ என ஆறுதல் கொள்ளும் நிலையை உண்டாக்குதலே திருநீற்றுக்குச் செய்யும் மெய்யான காவல். சாத்தமங்கையில் திருநீலநக்க நாயனார், ஞானசம்பந்தப் பிள்ளையார் சொல்வழி, பாணர்குலத்தவராகிய திருநீலகண்ட யாழ்ப்பாணர்க்கும் அவர் மனைவியார்க்கும் தம் இல்லத்தின் நடுவே வேள்வித்தீ விளங்கும் வேதிகையின் பக்கத்தே இடம் தந்தார். தீ அவியவில்லை, வலஞ்சுழித்து மேலோங்கி எழுந்தது. இவ்வரலாற்றைக் குருபூசைதோறும் ஓதக் கேட்டும், அயல்தெருப் பிள்ளையைத் திண்ணையில் ஏற்றாதவர் கேட்டதன் பயன் யாது?

இறுதியாக ஒன்று. பல்கலைக்கழகக் கல்வி முறையைத் தரும், சட்டத்தைத் தரும், பிறன் துயரைப் பிழையின்றி அறியும் கண்ணைத் தரும். அது தர இயலாதது ஒன்று உண்டு. “யான் உதவினேன், என்னால் இவன் உய்ந்தான்” என எழும் தற்போதத்தை அறுக்கும் மருந்து அதன்பால் இல்லை. அச்செருக்கு எழுந்த அன்றே உதவி பெற்றவன் கீழாகின்றான், உதவினவன் மேலாகின்றான். பழைய மேல்கீழ் புதிய உருவில் வந்து புகுகின்றது. சைவத்தின் தாதமார்க்கம் இவ்விடத்தே துணை செய்யும். செய்விப்பவன் சிவன், செய்பவன் அடியவன் என எண்ணி இயற்றும் தொண்டு ஆகாமியமாய் வந்து பிணிப்பதில்லை. அதுபோலவே, சைவம் அன்பைத் தரினும், கொடுமைக்கு ஆளான பிள்ளையை எந்நீதிமன்றத்துக்கு எவ்வாறு அழைத்துச் செல்வது என்பதைத் தருவதன்று. அதனைக் கற்றாரிடமே கற்றல் வேண்டும். ஒன்றையொன்று இகழாது இரண்டும் கூடுதலே நன்று.

எனவே, சைவ இல்லங்களிற் பிறந்த இளைஞரும் நங்கையரும் இக்கல்வியை நாடுவராயின், பெற்றோர் ‘இது பயனில் படிப்பு’ எனத் தடுத்தல் தகாது. திருமடங்களும் சைவ சபைகளும் அன்னதானத்துக்கும் திருப்பணிக்கும் ஒதுக்கும் பொருளில் ஒரு சிறு கூறு எடுத்து, இத்தகைய மாணாக்கர் சிலரை, எத்தெருவினராயினும் ஆக, பயிற்றுவிக்குமாயின், அது நடமாடும் கோயில்களுக்குச் செய்யும் திருப்பணியாம். நான்குநேரியில் ஓரிரவு சிந்திய குருதிக்குக் கழுவாய் சொல்லால் ஆவதன்று. அஞ்சி நிற்கும் ஒரு பிள்ளையின் அருகே, அஞ்சேல் எனச் சொல்லவும் சொன்னதைச் செய்து முடிக்கவும் கற்றார் ஒருவர் சென்று நிற்றலே கழுவாய். அங்ஙனம் நிற்பார்க்குத் தாமிர சபைப் பெருமான் திருவருள் முன்னின்று துணை செய்க.

திருச்சிற்றம்பலம்.